ஏழரையம்மாவும் பதில் சொல்லும் தரையும்

"ஏழு. இடது கால் மட்டும் ஏழரை."

வந்தவர் ஆய்வுக்கூடத்தின் கதவை இன்னும் முழுதாகத் திறக்கவில்லை. சொல்ல வந்த வணக்கம் பாதி வாயில் நிற்கிறது. அதற்குள் அந்த அம்மாள் அவர் காலை அளந்து முடித்து, பின்னால் இருக்கும் இரும்பு அலமாரியின் நான்காம் தட்டுக்குக் கையை நீட்டிவிட்டார். எடுத்தது சரியான ஜோடிதான். என்றைக்குமே சரியான ஜோடிதான். வந்தவரின் முகத்தை அவர் பார்ப்பது அதற்கும் பிறகு, வாரை இழுத்து மாட்டி, செருப்பின் நுனியைக் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தி, "இடிக்குதா?" என்று கேட்கும்போதுதான்.

ஏழரை என்றால் நம்மவர் காதில் முதலில் விழுவது சனி, செருப்பு அல்ல. அதனால் பலர் ஒரு கணம் திடுக்கிடுவார்கள். ஒரு வங்கி அதிகாரி மட்டும் திடுக்கிடவில்லை. "தெரியும்மா. போன வருஷமே பிடிச்சிடுச்சு" என்றார். அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் ஆய்வுக்கூடம் முழுவதும் இந்த அம்மாளை ஏழரையம்மா என்று கூப்பிட ஆரம்பித்தது. அவருக்கு அதில் வருத்தமே இல்லை. "சனி பிடிச்சா ஏழரை வருஷத்துல விட்டுடும். நான் பிடிச்சா, செருப்பு ஒழுங்கா அமையுற வரைக்கும் விடமாட்டேன்" என்பார்.

வயது ஐம்பத்தாறு. வாரத்தில் மூன்று நாள் கடைத்தெருவில் ஒரு செருப்புக்கடை. இருபத்தைந்து ஆண்டாக அங்கேதான். மற்ற மூன்று நாள் இந்த ஒலி ஆய்வுக்கூடம். இங்கே வந்த கதை சின்னது. ஒரே மாதிரி நாற்பது ஜோடி செருப்பு வேண்டும், எல்லா அளவிலும் வேண்டும், உள்ளே குடைந்துகொள்ள அடிப்பாகம் தடிமனாக இருக்க வேண்டும் என்று ஆய்வுக்கூடத்திலிருந்து கடைக்குச் சொல்லியிருந்தார்கள். கொடுக்க வந்தவர் இவர். ரசீதில் கையெழுத்துக்காகக் காத்திருந்த நேரத்தில், உள்ளே ஒரு பெண்ணுக்கு எட்டாம் நம்பரை மாட்டிவிட்டு நடக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இவருக்குப் பொறுக்கவில்லை.

"அய்யய்யோ, அந்தப் பொண்ணுக்கு ஆறுங்க! எட்டப் போட்டுவிட்டு நடன்னா, அது நடக்குறதா, படகு ஓட்டுறதா?"

நேரே உள்ளே போய் மண்டிபோட்டு உட்கார்ந்துவிட்டார். ஆய்வுக்கூடத்தின் தலைவியான பேராசிரியை அரை மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, "வாரத்துக்கு மூணு நாள் வர முடியுமா?" என்று கேட்டார்.

அந்த அறையில் ஒன்றும் இல்லை. அதுதான் அதன் விசேஷம். சுவர் நான்கிலும் கறுப்பு நுரைப்பஞ்சு. தரையில் சாம்பல் நிறக் கம்பளம். கூரையின் மூலைகளில் தீப்பெட்டி அளவில் நான்கு கேமராக்கள். ஆய்வுக்கு வருபவர் கண்ணை முழுக்க மூடும் பெரிய கண்ணாடியையும் காதை மூடும் ஹெட்போனையும் மாட்டிக்கொண்டதும், கம்பளம் மறைந்து ஒரு மாளிகைக் கூடம் விரியும். அல்லது சரளைக்கல் பாதை. அல்லது கணுக்கால் அளவுத் தண்ணீர். செருப்புக்குள் புதைத்திருக்கும் கருவி, கால் தரையைத் தொடும் நொடியைக் கணினிக்குச் சொல்லும். கணினி அந்த நொடியே மரத்தின் சத்தத்தையோ கல்லின் சத்தத்தையோ காதில் போடும். மனிதர்கள் அந்தச் சத்தத்தை எவ்வளவு தூரம் நம்புகிறார்கள், எந்த இடத்தில் நம்பிக்கை அறுந்துபோகிறது என்பதுதான் ஆராய்ச்சி.

"போகாத ஊருக்கு வழி சொல்றதுன்னு ஒரு பேச்சு உண்டுல்ல? இங்க எல்லாரும் போகாத ஊருக்கு நடந்தே போறாங்க. நான் செருப்பு மாட்டி அனுப்பிவைக்கிறேன்."

மற்றவர்கள் திரையைப் பார்ப்பார்கள். திரையில் எண்கள் ஓடும், கோடுகள் ஏறி இறங்கும். ஏழரையம்மா கடையிலிருந்து கொண்டுவந்த குட்டை முக்காலியை ஓரமாகப் போட்டு உட்கார்ந்து பாதங்களைப் பார்ப்பார். அந்த உயரத்தில் உலகம் வேறு மாதிரி இருக்கிறது. முகம் மரியாதைக்குச் சிரிக்கும், வாய் "ரொம்ப நல்லா இருக்கு" என்று சொல்லும். கால் விரல்களுக்கு அந்த நாகரிகம் தெரியாது. சரளைக்கல் சத்தம் கேட்டதும் பத்து விரலும் மடங்கும். உடைந்த கண்ணாடிச் சத்தம் கேட்டதும் ஆறடி உயரத்துக் காவல்துறை அதிகாரி பூனை மாதிரி நுனிக்காலில் போனார். காய்ந்த சருகின் மேல் நடந்த ஒரு கணக்கு வாத்தியார், போன வழியே திரும்பி வந்து இன்னொரு தடவை நடந்தார். யாரும் அவரைத் திரும்பச் சொல்லவில்லை.

தண்ணீர்ச் சத்தம் கேட்டதும் கால்சட்டையை முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார் ஒரு வக்கீல். கண்ணாடியைக் கழற்றிய பிறகும் கம்பளத்தில் காலைத் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தார். பிறகு எதற்குத் துடைத்தோம் என்று அவருக்கே உறைத்தது. யாராவது பார்த்தார்களா என்று சுற்றிலும் பார்த்தார். ஏழரையம்மா பார்த்திருந்தார்.

"வீட்டுக்குப் போனதும் வெயில்ல காயப் போட்டுருங்க சார்" என்று மட்டும் சொன்னார்.

சத்தமே வராமல் அணைத்துவிட்டு நடக்கச் சொல்லும் ஒரு சோதனையும் உண்டு. கண்ணுக்கு முன்னால் பளபளவென்று மரத்தரை இருக்கும்; காலை வைத்தால் ஒன்றும் கேட்காது. இரண்டாவது அடியிலேயே எல்லோரும் காலை ஊன்றி வைப்பார்கள். நான்காவது அடியில் சிலர் உதைப்பார்கள். இதற்குப் பேராசிரியை ஒரு நீண்ட விளக்கம் எழுதிவைத்திருக்கிறார். ஏழரையம்மாவின் விளக்கம் குட்டையானது. "ஒரு வீட்டுக் கதவத் தட்டுறோம். உள்ளேர்ந்து பதில் இல்ல. என்ன பண்ணுவோம்? இன்னும் பலமாத் தட்டுவோம். கால் அதத்தான் பண்ணுது."

இவர் சொன்னதை ஆய்வுக்கூடம் காதில் வாங்க ஆரம்பித்தது சென்ற ஆண்டு.

அங்கே சத்தங்களை உருவாக்குபவர் ஒரு கணினிப் பொறியாளர், முப்பது வயதுக்காரர். சத்தம் போடுவதுதான் அவர் தொழில்; ஆனால் அவர் பேசுவது அவருடைய சட்டைப் பொத்தானுக்கே கேட்காது. அவர் ஒரு பழைய கட்டடத்தின் மரத்தரையில் ஆறு மைக்குகள் வைத்து நடந்து பதிவுசெய்த காலடிச் சத்தங்கள் அருமையாக இருந்தன. கால் படுவதற்கும் சத்தம் கேட்பதற்கும் நடுவே இமைக்கும் நேரம்கூட இல்லை. நடந்து முடித்தவர்கள் படிவத்தில் 'மிகவும் இயல்பு' என்ற கட்டத்தில்தான் குறியிட்டார்கள். ஆனால் நடந்தபோது ஒருவரும் இயல்பாக நடக்கவில்லை. எட்டி வைக்கும் அடி குறுகியது, வேகம் குறைந்தது. ஏன் என்று புரியவில்லை. மைக்கை மாற்றினார்கள். ஹெட்போனை மாற்றினார்கள். இரண்டு மாதம் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள்.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் ஏழரையம்மா மெதுவாக ஆரம்பித்தார்.

"தம்பி, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்கம்மா."

"எல்லாரும் திரும்பிப் பாக்குறாங்க."

"எங்க திரும்புறாங்க? கேமராவுல தலை நேராத்தானே இருக்கு?"

"தலை திரும்பாது தம்பி, அந்தக் கண்ணாடி கனம். குதிகால் திரும்புது. இத்தனூண்டு. பின்னால யாரோ வர்றாங்கன்னு நினைச்சா நாம அப்படித்தான் நிப்போம். இதுவரைக்கும் இருபத்தி மூணு பேரு."

பொறியாளர் கையில் எடுத்த சோற்றை அப்படியே வைத்துவிட்டார்.

"சத்தம் நல்ல சத்தம். குத்தமே சொல்ல முடியாது. ஆனா அது அவங்க சத்தம் இல்ல. உங்க சத்தம். ஒன்பதாம் நம்பர், பூட்ஸு, வலது குதிகால் வெளிப்பக்கம் தேஞ்சது. சரியா?"

அவர் காலைத் தூக்கி பூட்ஸின் அடியைத் திருப்பிப் பார்த்தார். வலது குதிகால், வெளிப்பக்கம், ஒரு விரல் அகலத்துக்குத் தேய்ந்திருந்தது. காது மடல் சிவந்துவிட்டது. மென்மையாக நடக்கும் பெண்ணுக்கும், காலை இழுத்து நடக்கும் பெரியவருக்கும், இதுவரை அவருடைய பூட்ஸ் சத்தத்தையே ஒவ்வொரு அடிக்கும் பிசகாமல் போட்டுக்கொண்டிருந்தார். நடந்தவர்கள் தாங்கள் நடப்பதாக நினைக்கவில்லை. தங்களைத் தொடர்ந்து யாரோ நடந்து வருவதாக நினைத்திருக்கிறார்கள்.

அடுத்த ஆறு வாரமும் ஒரே வேலை. குதிகால் சத்தம் தனி, முன்பாதச் சத்தம் தனி என்று பிரித்தார்கள். அழுத்தி மிதித்தால் அதிரும், இழுத்து நடந்தால் தேயும் என்று காலுக்குத் தக்கபடி சத்தத்தை மாற்றினார்கள். முதலில் நடந்து பார்த்தவர் பேராசிரியை. கூட்டங்களில் அவர் நுழைந்தாலே நாற்காலிகள் நிமிர்ந்து உட்காரும் என்பார்கள். அவர் நான்கு அடி நடந்தார், நின்றார், யாரும் எதிர்பாராமல் ஒரு குதி குதித்தார். காதில் என்ன கேட்டதோ, இன்னொரு குதி குதித்தார். ஏழரையம்மா முக்காலியில் உட்கார்ந்தபடியே பொறியாளரைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். 'உங்களுக்குப் பின்னால் யாரேனும் நடப்பதுபோல் இருந்ததா?' என்று படிவத்தில் ஒரு புதிய கேள்வி சேர்ந்தது. அதற்கு ஆய்வுக்கூடத்தில் ஏழரைக் கேள்வி என்று பெயர்.

இனி நர்ஸம்மாவைப் பற்றிச் சொல்லவேண்டும். ஏழரையம்மாவின் கூடப் பிறந்த அக்கா. இருவரும் ஒரே அடுக்குமாடிக் கட்டடத்தில் எதிரெதிர் வீட்டில் இருக்கிறார்கள். முப்பத்தோரு ஆண்டு ஆஸ்பத்திரி வார்டில் நடந்து ஓய்வுபெற்றவர். "அவ வராண்டாவுல திரும்புறப்பவே, தூங்குற மாதிரி நடிக்கிற நோயாளியெல்லாம் நிஜமாவே தூங்கிடுவானாம்" என்று தங்கை பெருமையடிப்பார். அந்த நர்ஸம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அறுவை நடந்தது. எலும்பு கூடியது. "எங்க வேலை முடிஞ்சது, இனிமே நடக்க வேண்டியது நீங்கதான்" என்று டாக்டரும் சொல்லிவிட்டார். சொல்லி எட்டு மாதம் ஆயிற்று. நர்ஸம்மா கட்டிலிலிருந்து குளியலறைக்கு, குளியலறையிலிருந்து கட்டிலுக்கு, அதுவும் சுவரைப் பிடித்துக்கொண்டு. அதற்கு மேல் ஒரு அடி இல்லை.

"வலிக்குதாக்கா?"

"வலியெல்லாம் இல்லடி. இது என் கால்தானான்னே தெரியல. பஞ்சு மேல நிக்குற மாதிரி இருக்கு."

அறுபது வயதைத் தாண்டியவர்கள் ஆய்வுக்கு வேண்டும் என்று பேராசிரியை சொன்னபோது, ஏழரையம்மா முதல் ஆளாக அக்காவின் பெயரைக் கொடுத்தார். டாக்டரிடம் கடிதம் வாங்கினார்கள். விழாமல் இருக்கக் கூரையிலிருந்து ஒரு பட்டையைத் தொங்கவிட்டு இடுப்பில் கட்டினார்கள்.

"என்னடி இது, கறவை மாட்டக் கட்டுற மாதிரி கட்டுறீங்க?" என்றார் நர்ஸம்மா. குரலில் மட்டும் பழைய வார்டு அப்படியே இருந்தது.

சோதனை இதுதான். நடப்பவரின் காலடிச் சத்தத்தையே எடுத்து, முதல் சுற்றில் அதன் அடிநாதத்தைக் கூட்டிக் கனமாக்கிக் கொடுப்பார்கள். இரண்டாம் சுற்றில் குறைத்து மெலிதாக்கிக் கொடுப்பார்கள். மாற்றியிருக்கிறோம் என்பதை நடந்து முடிக்கும்வரை சொல்லக்கூடாது. ஏழரையம்மாவுக்கு முதல் நாள் இரவெல்லாம் இதே உறுத்தல். "அக்காகிட்ட நான் இதுவரைக்கும் மறைச்சது ஒண்ணே ஒண்ணுதான், அவ சமையல் எப்படி இருக்குங்கிறது. இப்ப இதையும் மறைக்கணுமா மேடம்?" என்று கேட்டார். "பத்து நிமிஷம்தான். அப்புறம் நானே சொல்லிடறேன்" என்றார் பேராசிரியை.

முதல் சுற்றில் நர்ஸம்மா நான்கு அடி வைத்தார். இரண்டு கையும் பட்டையை இறுகப் பிடித்திருந்தன.

"யாரு இந்தக் கிழவி? என்ன இப்படி மிதிக்கிறா? என்னை எறக்கி விடுங்கப்பா."

ஏழரையம்மா முக்காலியில் பாதி எழுந்துவிட்டார். பேராசிரியை கையைக் காட்டி உட்காரவைத்தார். இரண்டாம் சுற்று. நர்ஸம்மா ஒரு அடி வைத்தார். நின்றார். வலது காலின் நுனியால் தரையை ஒரு தட்டுத் தட்டினார். இன்னொரு தட்டு.

"ஏய்... இது யாருடி?"

"நீதான்க்கா."

"நானா?"

அடுத்த அடி தானாக வந்தது. அதற்கடுத்தது அதைவிடச் சுருக்காக வந்தது. மடங்கியிருந்த விரல்கள் செருப்புக்குள் விரிவதை ஏழரையம்மா பார்த்தார். ஆறாவது அடியில் ஒரு கை பட்டையை விட்டது. ஒன்பதாவது அடியில் இன்னொரு கையும் விட்டது. இரண்டு கையும் வீசி வீசி வந்தன. "வேகம் பாருங்கம்மா, வேகம் பாருங்க!" என்று பொறியாளர் கத்தினார். அவர் கத்தி அன்றைக்குத்தான் எல்லோரும் கேட்டார்கள். நர்ஸம்மாவின் கண்ணுக்கு முன்னால் நீண்ட கூடம். அவருக்கு அது எந்த இடமாகத் தெரிந்ததோ, திடீரென்று அதிகாரமாக ஒரு குரல் வந்தது.

"ஏழாம் பெட்டு! எழுந்து உக்காரு! மாத்திரை போட்டாச்சா?"

அறையே சிரித்தது. பேராசிரியை தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

முடிந்ததும் சொன்னபடி அவரே விஷயத்தைச் சொன்னார். நர்ஸம்மா தங்கையைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப நான் கேட்டது பொய்யா?"

"கொஞ்சம் மெலிசாக்கினாங்கக்கா. அடி எல்லாம் உன்னோடதுதான்."

நர்ஸம்மா தோளைக் குலுக்கினார்.

"அதனால என்ன இப்ப? துணிக்கடைக் கண்ணாடியுந்தான் மெலிசாக் காட்டுது. அதுக்காகத் துணி வேண்டாம்னா விட்டுட்டு வர்றோம்?"

வந்த மகிழ்ச்சி வாசல்வரைதான் இருந்தது. தன் சொந்தக் காலணியைப் போட்டுக்கொண்டு, தங்கையும் பேராசிரியையும் உடன் வர வெளித் தாழ்வாரத்துக்கு வந்தவர், வழவழப்பான கல்தரையில் மூன்று அடி வைத்ததும் சுவரைத் தேடிக் கையை நீட்டினார். "இங்க ஒண்ணும் கேக்கலியேடி" என்றார், கதவைத் தட்டிவிட்டு நிற்பவர் மாதிரி.

ஏழரையம்மா குனிந்து அக்காவின் காலைப் பார்த்தார். பஞ்சு ரப்பர் அடி, காலை வைத்தால் காற்றுக்கும் தெரியாத காலணி. கடையில் இருந்ததிலேயே மெத்தென்றது எது என்று தேடி, ஆஸ்பத்திரிக் கட்டிலருகே மண்டிபோட்டு, தன் கையாலேயே மாட்டிவிட்டது. எட்டு மாதமாக அக்கா தரையைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். பதில் வரவிடாமல் நடுவில் மெத்தையை வைத்தது யார் என்று இப்போது புரிந்தது. முகம் சுருங்கியது. பிறகு அடக்கமாட்டாமல் சிரிப்பு வந்தது.

"ஊரார் காலெல்லாம் பாத்தேன் மேடம். எங்க வீட்டுக் காலுக்கு நானே வாய்ப்பூட்டு போட்டுருக்கேன். இருபத்தஞ்சு வருஷம் செருப்பு வித்தவ பண்ற வேலையா இது!"

மறுநாள் காலையில் முதலாளி வருவதற்குள் கடையைத் திறந்து, பதினோரு ஜோடிகளைத் தரையில் பரப்பி, ஒவ்வொன்றையும் கையில் மாட்டி ஓடுபதித்த தரையில் தட்டித் தட்டிக் கேட்டார். "என்னம்மா, காலங்காத்தால கடைக்குள்ள கச்சேரி?" என்று கேட்டுக்கொண்டே வந்தார் முதலாளி. "சும்மா இருங்க, சுதி சேர்க்கிறேன்" என்றார் இவர். கடைசியில் ஒன்று தேறியது. முன்பாதத்தில் நல்ல பிடிமானம். குதிகாலுக்கு மட்டும் பழுது பார்ப்பவரிடம் சொல்லிக் கெட்டியாக ஒரு துண்டு ஒட்டவைத்தார். நடைப்பயிற்சி கொடுக்கும் பெண்ணிடம் கொண்டுபோய், ஈரத்தரையில் வழுக்கவில்லை என்று அவர் இழுத்துப் பார்த்துச் சொன்ன பிறகுதான் அக்காவின் காலில் ஏற்றினார்.

நர்ஸம்மா எழுந்து ஒரு அடி வைத்தார். டக். தலையைச் சாய்த்துக் கேட்டார். இன்னொரு டக்.

"பேசுதுடி" என்றார்.

ஒரே நாளில் ஓடிவிடவில்லை. முதல் வாரம் வாசல்வரை. இரண்டாம் வாரம் லிஃப்ட்வரை போய்த் திரும்பினார். மூன்றாம் வாரம் மாடி நடைபாதையில் காலையில் பத்து நடை, மாலையில் பத்து நடை. நான்காம் வாரம் கீழ்வீட்டுக்காரர் மூச்சிரைக்க மேலே ஏறி வந்து கதவைத் தட்டினார். கதவு திறந்தது.

"இங்க யாரு எந்நேரமும் ஆணி அடிச்சிக்கிட்டே..."

"ஆணி இல்ல சார். நான்தான்."

திறந்தது தங்கை இல்லை, நர்ஸம்மா. சுவர் இல்லாமல், நேராக, இடுப்பில் கை வைத்து நின்றார். எட்டு மாதமாக அவரைக் கட்டிலருகே வந்து நலம் விசாரித்துப் போனவர் அந்த மனிதர். அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"அடிங்கம்மா. நல்லா அடிங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை நடுப்பகல். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. ஏழரையம்மா கூடத்தில், சுழலும் மின்விசிறிக்கு நேர் கீழே, ஈரத்துணியை நெற்றியில் போட்டுக்கொண்டு படுத்திருந்தார். எதிர்வீட்டுக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு நடைபாதையில் காலடிகள். விசிறியின் இரைச்சலில் பாதி கேட்டன, பாதி கேட்கவில்லை. அவர் துணியை எடுத்து வைத்துவிட்டு எழுந்து போய் விசிறியை நிறுத்தினார்.